சம்படத்து மஞ்சள்

ஏரல்,
9.8.1992

அன்புள்ள முத்துராணிக்கு மதினி இசக்கியம்மா எழுதிக்கொண்டது. இங்கே உன் அண்ணன், நான், மண்டி, வாழைத்தார் எல்லாம் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விடுதிச் சாம்பாரைக் குடித்து நீ மெலிந்தால் உன் அண்ணன் என்னைத்தான் முறைக்கிறார், நான் என்னவோ உன்னைப் பட்டினி போட்டதுபோல.

அம்மன் கொடைக்கு வருவாய் என்று முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். 'வளர்ப்பைப் பார்க்க ஆள் இல்லை' என்று ஒரு கார்டைப் போட்டுவிட்டு நீ அங்கேயே இருந்துவிட்டாய். ஆடு மாடு வளர்க்கிறவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கொடைக்கு வந்துவிடுகிறார்கள். மண்டியில் யாரோ உன் அண்ணனிடம் தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நீ முன்னே எழுதிய சளிப்பூஞ்சை என்ற வார்த்தையில் பூஞ்சையை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது கடைத்தெரு முழுக்க, "பெருமாள்ராசு தங்கச்சி திருநவேலில சளி வளக்காளாம்லே" என்று ஒரே சிரிப்பு. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் வந்த மாப்பிள்ளையை நீ வேண்டாம் என்றதிலிருந்து அவர் உனக்குக் கடிதம் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் கடிதம் வந்தால், "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்காமல் கை நனைக்க மாட்டார். நான் சொல்வதுதான் அவருக்குச் சேதி.

உன்னிடம் எனக்கு இரண்டு கேள்வி. நீ அங்கே வளர்ப்பது என்னதான்? எனக்குப் பார்க்க வேண்டும், ஒரு துண்டு அனுப்பு. இன்னொன்று, என் தம்பி சுடலையாண்டி. உனக்கு முறை மாப்பிள்ளை. லாரி ஓட்டுகிறான், குடியில்லை, சண்டைக்குப் போகமாட்டான். என் தம்பி என்பதால் இதற்கு மேல் நான் சொன்னால் நன்றாக இருக்காது. உன் அண்ணனுக்கு இது ரொம்ப ஆசை. ஆனால் உன்னிடமிருந்து ஒரு 'சரி' வராமல் பேச மாட்டேன் என்கிறார்.

அடுத்த மாதக் கடைசியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஸ்ரீவைகுண்டம் போனால் கொஞ்சநாள் அங்கேதான் இருப்பேன். அதற்குள் எழுது.

முறுக்கு நமுத்துப்போகுமுன் வந்து தின்னச் சொல்லும்,
மதினி

*

திருநெல்வேலி,
20.8.1992

பிரியமுள்ள மதினிக்கு,

கன்னம் ஒட்டவில்லை. அது எங்கள் வம்சத்துக் கன்னம், அண்ணன் கன்னத்தையும் பாருங்கள். உங்களுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி? தைலம் தீர்ந்தால் எழுதுங்கள்.

சளி வளர்க்கிறேன் என்று சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரிக்கட்டும். அது சளியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. புத்தகம் எழுதினவர்கள் வைத்த பெயர் அப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணிமுத்தாறு அருவிக்கு மேலே ஒரு மட்கிய மரத்தடியில், யாரோ முட்டை மஞ்சள் கருவை உடைத்து ஊற்றியதுபோல் கிடந்தது. எடுத்துவந்தேன். செடி இல்லை, பிராணி இல்லை, காளான் இல்லை. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல். வாய் இல்லாமலே தின்னும். கால் இல்லாமலே நகரும். மூளை கிடையாது, ஆனாலும் தட்டில் தீனி எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் போய்விடும். மூளை இருக்கிறவர்கள் கடைத்தெருவில் உட்கார்ந்து பல்லிளிக்கிறார்கள்.

தினமும் காலையில் அதைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும், ஓட்ஸ் போட வேண்டும். ஓட்ஸ் இங்கே மருந்துக்கடையில்தான் கிடைக்கிறது. டப்பா வாங்கும்போதெல்லாம் கடைக்காரர், "யாருக்கு மேலுக்குச் சொகமில்ல?" என்று துக்கம் விசாரிக்கிறார். ஒருநாள் அசந்தால் வெள்ளைப் பூசணம் வந்து அதை மூடிவிடும். இதை விட்டுவிட்டு நான் எப்படிக் கொடைக்கு வர?

ஆனால் என் ஆராய்ச்சி இதை வளர்ப்பதில் இல்லை, தூங்க வைப்பதில் இருக்கிறது. வடிதாள் என்ற வெள்ளைத் தாளில் படரவிட்டு, தீனியை நிறுத்தி, இருட்டில் பைய உலர விட்டால் தாளோடு தாளாக ஒட்டிக் காய்ந்துவிடும். செத்துப்போகாது. மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் தெளித்தால் எழுந்து நடக்கும். வெளிநாட்டில் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். எங்கள் கூடத்துக் குளிர்பெட்டி கரண்டு போனால் வெறும் அலமாரி. குளிர்பெட்டியே இல்லாமல் நம்மூர் வெயிலிலும் புழுக்கத்திலும் இதைக் காப்பாற்ற முடியும் என்று நான் காட்டப்போகிறேன். எனக்கு வழிகாட்டும் வைத்தீஸ்வரன் சார், "எளிதாக வேறு ஏதாவது எடும்மா" என்று மாதம் ஒருமுறை சொல்கிறார். நானும் மாதம் ஒருமுறை மாட்டேன் என்கிறேன்.

உங்களுக்கு ஒரு தாள் கட்டாயம் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பது எனக்கும் பயம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சுடலை நல்லவர். அவர்மேல் ஒரு குறையும் எனக்கில்லை. 'இப்போது வேண்டாம்' என்று எழுதினால் தை பிறந்ததும் சம்மதம் என்று அண்ணன் எடுத்துக்கொள்வார். அதனால் திட்டமாகவே எழுதுகிறேன். சுடலையைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் இதை இப்படியே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்குக் கண் நல்லபடியாகத் தெரியட்டும்.

உங்கள்
முத்துராணி

*

திருநெல்வேலி,
28.9.1992

மதினிக்கு வணக்கம். சுகம்தானே? என் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதிலே இல்லை. சரி, போகட்டும்.

நீங்கள் கேட்டது இத்துடன் இருக்கிறது. நன்றாக யோசித்துத்தான் அனுப்புகிறேன். ஈரமோ வெயிலோ படாமல் பத்திரமாக வையுங்கள். என் இரண்டு வருஷத்து வாழ்க்கை இதில் இருக்கிறது. இனி இது உங்கள் வீட்டுப் பொறுப்பு. அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. மற்றது பின்னால்.

முத்துராணி

*

ஏரல்,
8.10.1992

அன்புத் தங்கை முத்துராணிக்கு அண்ணன் பெருமாள்ராஜ் ஆசீர்வாதம். நீ நல்லபடியாக இருக்கத் திருச்செந்தூரானை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு வருஷமாக உனக்கு எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன. உன் மதினி தாயாருடைய கண் ஆபரேஷனுக்கு ஸ்ரீவைகுண்டம் போயிருக்கிறாள். அதனால் உன் உறையைத் தபால்காரர் நூகு பாய் மண்டியில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். முருகன் படம் போட்ட காலண்டர் அட்டை. அதற்கு நடுவே ஒரு வெள்ளைத் தாள் நிறைய மஞ்சள். எல்லாரும் நாலு மூலையில் தொட்டு வைப்பார்கள். நீ தாள் முழுக்க அள்ளிப் பூசியிருக்கிறாய். அம்மா போன பிறகு நான் மண்டியில் அழுதது அன்றைக்குத்தான். வாழைக்காய் ஏற்ற வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

வாயால் சொல்ல வெட்கப்பட்டு மஞ்சளில் சொல்லியிருக்கிறாய். நீ எழுதியபடியே ஈரம் படாமல் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் தினமும் விளக்கேற்றுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு ஆள் அனுப்பிச் சேதி சொல்லியாயிற்று. கார்த்திகையில் நிச்சயம். தையில் கல்யாணம். உன் மதினிக்கு ஆச்சரியத்தில் பேச்சே வரவில்லையாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மஞ்சள் பூசிய கையால் அந்தச் சளியைத் தொடாதே.

அண்ணன்
பெருமாள்ராஜ்

*

திருநெல்வேலி,
14.10.1992

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது என்று நான் பட்ட சந்தோஷம் நாலு வரி படிக்கும்வரைதான் இருந்தது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அது மஞ்சள் இல்லை. நீங்கள் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவது என் சளிப்பூஞ்சையை. தாளில் காய்ந்து தூங்குகிறது. தாள் மடங்காமல் இருக்க விடுதியில் கிடந்த பழைய காலண்டரைக் கிழித்து வைத்தேன். அதில் முருகன் இருந்தது என் குற்றமில்லை. 'நீங்கள் கேட்டது' என்று நான் எழுதியது, மதினி ஒரு துண்டு அனுப்பு என்று கேட்டிருந்ததை. இப்போது அந்தக் கடிதத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. யார் படித்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த மட்டுக்கு உங்கள்மேல் தப்பில்லை.

ஆனால் சம்மதம் என்று நான் சொல்லவே இல்லை. ஆகஸ்டிலேயே மதினிக்கு இல்லை என்று திட்டமாக எழுதிவிட்டேன். அதை உங்களிடம் சொன்னார்களா இல்லையா என்று அவர்களைக் கேளுங்கள். வெட்கப்பட்டு மஞ்சளில் பேசுகிற பெண் நான் இல்லை, அண்ணன். எனக்கு வாய் இருக்கிறது. வேண்டும் என்றால் வேண்டும் என்பேன். வேண்டாம் என்றால் நீங்கள் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டாலும் வேண்டாம்தான். ஸ்ரீவைகுண்டத்துக்கு நீங்களே ஆள் அனுப்பி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள். அந்தத் தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

தங்கை
முத்துராணி

*

ஏரல்,
24.10.1992

முத்துராணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொடுத்த வாக்கைக் குப்பையில் போட்டுவிட்டாய். சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இனி இந்த வீட்டு வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது. அந்தத் தாளை என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பெருமாள்ராஜ்

*

திருநெல்வேலி,
27.11.1992

மதினிக்கு,

ஏரலில் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆள்சேதம் இல்லை என்று வாழை லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டேன். உயிரே வந்தது. அண்ணன் எப்படி இருக்கிறார்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு வரியாவது எழுதுங்கள். என்னோடு பேச்சில்லை என்றால் வெறும் கார்டையாவது போடுங்கள், கையெழுத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே வண்ணார்பேட்டை வரைக்கும் ஆறுதான். எங்கள் கல்லூரி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. ஆய்வுக்கூடம் கீழ்த்தளம். தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். இடுப்புக்கு மேலே சேற்றுக் கோடு. வளர்ந்துகொண்டிருந்த தட்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அலமாரியில் உலர்த்தி வைத்திருந்த தாள்கள் எல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அதுகள் தண்ணீர் பட்டதும் எழுந்திருக்கும், மதினி. எழுந்து பார்த்திருக்கும். தின்ன ஒன்றுமில்லாமல் அந்தச் சேற்றில் செத்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காவலாளி வந்து, நகை ஏதும் போய்விட்டதா என்று கேட்டார்.

மணிமுத்தாறுக்கு மேலே போகலாம் என்றால் பாதையே இல்லை. அந்த மட்கிய மரத்தையும் காட்டாறு கொண்டுபோயிருக்கும். வைத்தீஸ்வரன் சார் நல்ல மனுஷர். பிப்ரவரி முடிவதற்குள் தலைப்பை மாற்றிக் கொடு, தூத்துக்குடிக் கடற்பாசியைப் பற்றி ஒரே வருஷத்தில் எழுதி முடித்துவிடலாம் என்கிறார். பாசிமேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் நான் மாட்டேன்.

இந்த உலகத்தில் என்னுடையது இப்போது மிச்சம் இருப்பது, இருந்தால், உங்கள் வீட்டுச் சம்படத்தில் உள்ளதுதான். அண்ணன் அதை என்ன செய்தார்? ஆற்றில் விட்டிருந்தால் ஆற்றில் விட்டார் என்றே எழுதுங்கள். எனக்குப் பொய் மட்டும் வேண்டாம்.

முத்துராணி

*

ஏரல்,
20.12.1992

முத்துராணிக்கு மதினி எழுதிக்கொண்டது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். வீடெல்லாம் சேறு, சுவரெல்லாம் ஈரம். முழங்கால் வலியை நினைக்க நேரமில்லை. உனக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லையே?

பொய் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, கேள். ஆகஸ்டில் உன் கடிதம் வந்தபோது உன் அண்ணன் வழக்கம்போல என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சொகம் விசாரிச்சிருக்கா" என்றேன். கடிதத்தைப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ என் தம்பிக்கு வந்தால் சாகிறவரைக்கும் நாம் பிரிய வேண்டாம் என்று ஒரு ஆசை. உன் மனசு மாறும் என்று நினைத்தேன். மஞ்சள் வந்திருக்கிறது என்று ஸ்ரீவைகுண்டத்துக்குச் சேதி வந்தபோது, அது என்னவென்று எனக்கு உடனே தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் அம்மா கண்கட்டோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

நீ அண்ணனுக்கு எழுதிய கடிதம் வந்தபோது நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். அன்றைக்கு அவர் கத்தவே இல்லை. ஆகஸ்டுக் கடிதத்தை எடு என்றார். கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். உன்னையா, என்னையா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு அந்தக் கார்டை எழுதிப் போட்டுவிட்டு, சம்படத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். திரும்பி வரும்போதும் சம்படம் கையிலேயே இருந்தது. "சாமிக்கு முன்னால இருந்தத எப்படி ஆத்துல விட? பாவம்லா" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

வெள்ளம் வந்த அன்றைக்கு நான் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். சம்படத்தை நான் எடுக்கவில்லை. மாடியில் போய்ப் பார்த்தால் சம்படம் இருந்தது. இந்த வீட்டில் என்னைத் தவிர எத்தனை பேர் என்று நீயே எண்ணிக்கொள்.

போன வாரம் ஸ்ரீவைகுண்டம் போனேன். வெள்ளத்தில் தள்ளிப்போன நிச்சயத்துக்கு அங்கே இன்னும் காத்திருந்தார்கள். நடுவீட்டில் நின்று, "அவ சம்மதிக்கவே இல்ல. அவ இல்லன்னு எழுதுன கடுதாசிய மறச்சது நாந்தான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறந்த வீட்டில் எனக்கு இனி ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்குமோ என்னவோ. சுடலை மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தான். "இல்லன்னு சொன்னவள எதுக்குக்கா எனக்குக் கட்டிவைக்கப் பாத்த? நாளைக்கு நாந்தான கஷ்டப்படணும்?" என்றான். அவன் கேட்டது நியாயம்.

தாளைப் பாதியாக வெட்டி அனுப்புகிறேன். மறுபாதி சம்படத்தில் இருக்கட்டும். ஒரே கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று நீதான் எழுதினாய். வெட்டட்டுமா என்று உன் அண்ணனைக் கேட்டேன். பேசாமல் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். உங்கள் குடும்பத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்கிறீர்கள்? நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அது எழுந்து நடந்த பிறகு போடு.

மதினி

*

திருநெல்வேலி,
8.1.1993

மதினிக்கு,

உங்கள் சுவர் காய்ந்ததா? ஈரச் சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள், முழங்காலோடு முதுகும் பிடித்துக்கொள்ளும்.

உங்களோடு சண்டை போட நிறைய இருக்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம், மதினி. வெறும் கோபமில்லை, ஆத்திரம். ஆகஸ்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை. ஆனால் பிறந்த வீட்டு நடுவில் நின்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஆத்திரப்படவும் முடியவில்லை. அது என்னால் ஆகுமா என்று யோசித்துப் பார்த்தேன்.

பாதித் தாள் எழவில்லை. மழையில் வந்த உறை ஓரம் நனைந்திருந்தது. கூடத்தை இன்னும் கழுவி முடிக்காததால் விடுதியில் என் கட்டிலுக்கடியில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கொஞ்சம் கசிந்தது. அதற்குள் வெள்ளைப் பூசணம் வந்து மூடிவிட்டது.

இனி இருப்பது உங்களிடம் உள்ள பாதி. அதைத் தபாலில் போட வேண்டாம். வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொன்ன வீட்டுக்கு நான் வரவும் மாட்டேன். அவர் சொன்னது சொன்னதுதான் என்றால் எனக்கும் அதே இரத்தம்தான். அதனால் நீங்களே எழுப்புங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிடுங்கள். சுத்தமான தட்டில் தாளை வைத்து, நனைகிற மட்டும் தெளியுங்கள். மிதக்கக் கூடாது. பக்கத்தில் நாலைந்து ஓட்ஸ். மேலே ஏதாவது கவிழ்த்து இருட்டாக்குங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். உங்களால் முடியாதது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

எழாவிட்டால்? பாதை திறந்ததும் மணிமுத்தாறுக்கு மேலே ஏறி மட்கிய மரம் ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். கடற்பாசிக்கு மட்டும் போகமாட்டேன். சாரிடமும் சொல்லிவிட்டேன்.

முத்துராணி

*

ஏரல்,
2.2.1993

முத்துராணிக்கு மதினி எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் அண்ணன் சுகம். உன் சளியும் சுகம்!

ஓட்ஸ் வாங்கப் போனேன். "யாருக்கு மேலுக்குச் சொகமில்ல?" என்று இங்கேயும் அதே கேள்வி. "வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு" என்றேன். அவர் ஒரு தினுசாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்து, எவர்சில்வர் தட்டின்மேல் புது மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். முதல்நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. உன் அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "செத்தத எழுப்புதாளாம்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் ஒருநாள் காலையில் சட்டியைத் தூக்கினேன். தாள் வெறுமையாகக் கிடந்தது. மஞ்சளே இல்லை. எலியோ எறும்போ தின்றுவிட்டது என்று நினைத்தேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை, அப்படி அழுதேன். உன் அண்ணன் பல்லில் பிரஷோடு ஓடிவந்தார். தட்டைப் பார்த்தார். சட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஏட்டி, அழாத, இங்கன பாரு" என்றார்.

சட்டிக்குள்ளே ஏறிப்போயிருந்தது! உள்பக்கம் முழுக்க மஞ்சள், நரம்பு நரம்பாகப் பிரிந்து படர்ந்து பளபளவென்று இருந்தது. நாங்கள் இரண்டுபேரும் அடுப்பை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். "காலு இல்லாம எப்படிப் போச்சு?" என்று கேட்டார். நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். மண்டிக்குப் போகும்போது, "என்னத்தத் திங்கும்?" என்று கேட்டார். சாயங்காலம் அவர் கையில் ஓட்ஸ் டப்பா. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மண்டியில் யாரோ பழையபடி சளி என்று சிரித்திருக்கிறார்கள். "ஏலே, வந்து பாத்துட்டுச் சிரி. அது நடக்கும்லே" என்றாராம்.

நாளைக்குச் சுடலை திருநெல்வேலிக்கு வாழைத்தார் ஏற்றிவருகிறான். ஈரச் சாக்குச் சுற்றிய சட்டியையும் இந்தக் கடிதத்தையும் அவனே கொண்டுவருவான். எப்படிக் கேட்பது என்று தயங்கித்தான் அவனிடம் கேட்டேன். "கட்டிக்கிடலன்னா என்னக்கா, கொண்டு குடுக்கக் கூடாதா?" என்றான். அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடு.

வாசற்படி விஷயமாக உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதினி

*

திருநெல்வேலி,
11.4.1993

அன்புள்ள அண்ணனுக்கு முத்துராணியின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? மதினி சொல்லித்தான் உங்கள் சுகம் எனக்குத் தெரிகிறது. நேராக நானே கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தின் நாலு மூலையையும் பாருங்கள். இந்தத் தடவை நிஜ மஞ்சள். விடுதிச் சமையல் அம்மாவிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நானே உரைத்துத் தடவினேன். யாருக்கும் கல்யாணமில்லை, காதுகுத்தில்லை, ஒரு விசேஷமும் இல்லை. ஆனாலும் தடவியிருக்கிறேன். நல்ல சேதிக்குத் தடவுவதுதானே மஞ்சள்? இது எனக்கு நல்ல சேதி. கல்யாணத்துக்கு மட்டும்தான் மஞ்சள் என்று யாராவது சொன்னால், அவர்களை என்னிடம் அனுப்பி வையுங்கள்.

அன்றைக்குச் சுடலை மண்சட்டியோடு விடுதி வாசலில் வந்து நின்றார். காவலாளி என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டதற்குச் சத்தமாக, "சளி" என்றிருக்கிறார். விடுதியே எட்டிப் பார்த்தது. காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா வளத்து விடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். இப்போது அது தட்டுத் தட்டாகப் பெருகியிருக்கிறது. வைத்தீஸ்வரன் சார் வந்து நெடுநேரம் பார்த்தார். கடற்பாசிப் பேச்சை விட்டுவிட்டார். குளிர்பெட்டி இல்லாமல், வெள்ளத்துக்கும் தப்பி, ஒரு வீட்டுச் சம்படத்தில் இருந்து எழுந்து வந்ததையே முதல் அத்தியாயமாக எழுது என்று சொல்லிவிட்டார். இனி என் தலைப்பை யாரும் மாற்ற முடியாது. உலர்த்திய தாள்களை நாலு கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். இனி எந்த ஆறு வந்தாலும் வரட்டும்.

எடுத்த ஊர்ப் பெயரைத்தான் வளர்ப்புக்கு வைப்பது வழக்கம். முன்னே மணிமுத்தாறு என்று ஒட்டியிருந்தேன். இப்போது எல்லாத் தட்டிலும் 'ஏரல்' என்று ஒட்டியிருக்கிறேன். சார் கேட்டார். பிறந்தது மணிமுத்தாறு, பிழைத்தது ஏரல் என்றேன்.

வெள்ளத்தன்று சம்படத்தை யார் தூக்கினது என்று மதினி சொல்லவில்லை. நானும் கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும், அண்ணன்.

உங்கள் தங்கை
முத்துராணி

*

ஏரல்,
19.4.1993

அன்புத் தங்கை முத்துராணிக்கு அண்ணன் ஆசீர்வாதம். இரத்தக் கொதிப்பு மட்டாக இருக்கிறது. உன் கன்னம் எப்படி இருக்கிறது என்று சுடலையிடம் கேட்டேன். பார்க்கவில்லை என்கிறான். அவன் பேச்சை நம்ப முடியவில்லை.

உன் மஞ்சள் கடிதம் வந்தது. இந்தத் தடவை மோந்து பார்த்தேன். மஞ்சள்தான். இருந்தாலும் எதற்கும் உன் மதினியிடமும் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம்தான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

வெள்ளத்தில் வாசற்படி பெயர்ந்துபோய்விட்டது. போன வாரம் கொத்தனாரை வைத்துப் புதுப் படி கட்டியாயிற்று. நான் மிதிக்கக் கூடாது என்று சொன்னது பழைய படியை. புதுப் படிக்கு அந்தப் பேச்சு கிடையாது.

நாலு கல்லூரிக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். நம் வீட்டுக்கு ஒன்று அனுப்ப உனக்குத் தோன்றவில்லை. வரும்போது கையில் ஒரு தாள் கொண்டு வா. சம்படம் காலியாகத்தான் இருக்கிறது.

அண்ணன்
பெருமாள்ராஜ்